கேட்காமல் விட்ட கேள்வி

புதுவைக் கடற்கரையில் மாலை வேளையில் உலவியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று. வண்டிகள் நிறுத்தப்பட்ட சாலையில் மக்கள் குடும்பம் குடும்பமாக நடந்துகொண்டிருப்பார்கள். தந்தையின் தோளில் ஒரு குழந்தை. தாயின் விரலைப் பற்றியபடி இன்னொரு குழந்தை. அவர்களுக்குப் பத்தடி பின்னால், அந்தக் குடும்பத்துக்கும் தனக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பதுபோலப் பதினைந்து, பதினாறு வயதில் ஒரு பிள்ளை வரும். தாய் திரும்பிப் பார்ப்பாள். தந்தை குரல் கொடுப்பார். பிள்ளையோ கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

அந்தப் பத்தடி இடைவெளிக்குப் பெரியவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: திமிர். சற்று மென்மையான மனம் கொண்டவர்கள் ‘வயசுக் கோளாறு’ என்பார்கள். இரண்டும் பெயர்களே அன்றி விளக்கங்கள் அல்ல. நோய்க்குப் பெயர் சூட்டிவிட்டால் மருத்துவம் முடிந்துவிட்டது என்று எண்ணும் வைத்தியனைப் போல நாமும் பெயர் சூட்டிவிட்டு ஓய்ந்துவிடுகிறோம். இலக்கியம் அந்த இடைவெளியை எவ்வாறு பார்த்திருக்கிறது? நமக்குப் பயன்படக்கூடிய எதையேனும் அது கண்டு சொல்லியிருக்கிறதா? இவ்வினாக்களோடு, இந்த ஊர் தந்த எழுத்தாளர் ஒருவரின் சிறுகதையை எடுத்துக்கொள்வோம்.

பிரபஞ்சன் 1945-ஆம் ஆண்டு புதுவையில் பிறந்தவர். 2018-இல் மறைந்தார். ஆனந்தரங்கப் பிள்ளையின் காலத்துப் புதுவையைக் கண்முன் நிறுத்தும் ‘வானம் வசப்படும்’ நாவலுக்காக 1995-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றவர். பெரிய வரலாற்றைப் பெரிய நூலாக எழுதிய அதே கை, ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர் அறையில் நிகழும் சிறிய அநீதி ஒன்றையும் எழுதியது. அதுவே ‘மரி என்கிற ஆட்டுக்குட்டி’ என்னும் சிறுகதை. பிரபஞ்சன் கரந்தைக் கல்லூரியில் தமிழ் பயின்று, சில காலம் ஆசிரியராகவும் இருந்தவர். தம் முதற்கதையை 1961-இல், பதினாறாம் வயதில் அச்சில் கண்டவர். எனவே பதினாறு வயதின் உள்ளத்தையும், அதற்கு எதிரே நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் உள்ளத்தையும் அவர் அறிந்திருந்தார் என்று கொள்வதில் தவறில்லை.

கதை எளியது. அற்புத மரி என்னும் மாணவிக்கு மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று தலைமையாசிரியர் கருதுகிறார். தம் எண்ணத்தைத் தமிழாசிரியரிடம் சொல்கிறார். அவள் உடுத்தும் உடை சரியில்லை; பேச்சில் பணிவில்லை; பள்ளிக்கும் ஒழுங்காக வருவதில்லை. குற்றப் பட்டியல் நீளமானது. அந்தத் தமிழாசிரியரே கதையைச் சொல்பவர். அவர் மரியின் வீட்டைத் தேடிப் போகிறார். அங்கே வீடு இருக்கிறது, வீட்டுக்குரியவர்கள் இல்லை. தந்தை விலகிப் போய்விட்டார். தாய்க்கு வேறொரு வாழ்க்கை அமைந்துவிட்டது. நான்கு சுவர்களுக்கு நடுவே அந்தப் பெண் ஏறக்குறையத் தனியாகவே வளர்ந்துகொண்டிருக்கிறாள். ஆசிரியரும் அவருடைய மனைவியும் அவளைத் தங்கள் வீட்டுப் பிள்ளையைப் போல நடத்துகிறார்கள். அறிவுரை எதுவும் இல்லை. நாட்கள் போகின்றன. இறுதியில் அவளே வாய் திறக்கிறாள். பள்ளிக்கு ஏன் வருவதில்லை என்று ஒருநாள்கூடத் தன்னைக் கேட்கவில்லையே என்று ஆசிரியரைக் கேட்கிறாள். அந்த இடத்தில் கதை தன் உச்சத்தை எட்டிவிடுகிறது.

இக்கதையைப் படித்துக் கண்கலங்கியவர்கள் பலர். கலங்குவதோடு நின்றுவிட்டால் கதையின் பயன் பாதிதான். தலைமையாசிரியர் எங்கே தவறினார் என்பதை ஆராய வேண்டும்.

அவர் கெட்டவர் அல்லர். பள்ளியின் நற்பெயர் குறித்துக் கவலைப்படுகிறார்; ஆயிரம் பிள்ளைகளின் பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அவருடைய பிழைகள் மூன்று. முதலாவது, அவர் கண்ணில் பட்டதையே முடிவாகக் கொண்டார். உடையைப் பார்த்தார்; அதையே குணம் என்று எழுதிக்கொண்டார். இரண்டாவது, மரியின் நடத்தையைத் தம் பதவிக்கு விடுக்கப்பட்ட அறைகூவலாக எடுத்துக்கொண்டார். அவளுடைய துயரத்தில் தமக்கு ஓர் இடமே இல்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை. பிள்ளை கதவை அறைந்து சாத்தினால் ‘என் முகத்தில் சாத்துகிறான்’ என்று தந்தை எண்ணுவதும் இதே பிழைதான். அவன் உலகத்தின் முகத்தில் சாத்தியிருக்கக்கூடும், நாம் வழியில் நின்றிருக்கக்கூடும். மூன்றாவது, புரியாத ஒன்றைப் புரிந்துகொள்ள முயல்வதைவிட அகற்றிவிடுவது எளிது என்று முடிவு செய்தார். மாற்றுச் சான்றிதழ் என்பது வேறு என்ன? ‘இந்தக் கணக்கு எனக்கு வரவில்லை, வேறு யாராவது போட்டுக்கொள்ளட்டும்’ என்று சிலேட்டைத் தள்ளிவிடுவதுதான்.

தமிழாசிரியர் செய்ததோ மிகச் சிறிய காரியம். அவர் அவளிடம் போனார். ‘ஏன்’ என்று கேட்காமல் இருந்தார்.

இங்கே நாம் நின்று சிந்திக்க வேண்டும். நம் வீடுகளில் ‘ஏன்’ என்பது வினாச்சொல் அன்று, வசைச்சொல். ‘ஏன் இவ்வளவு நேரம்?’ என்று அத்தா கேட்கும்போது, நேரமானதற்குரிய காரணத்தை அறிந்துகொள்ள அவர் விரும்புகிறார் என்று எந்தப் பிள்ளையும் எண்ணுவதில்லை. அது தீர்ப்பு, வினாவின் உடையை அணிந்துகொண்டு வந்த தீர்ப்பு. அதற்கு விடை சொன்னால் ‘எதிர்த்துப் பேசுகிறாயா?’ என்பது அடுத்த தீர்ப்பு. விடை சொல்லாவிட்டால் ‘வாயைத் திறக்கிறானா பார்’ என்பது மூன்றாவது. இப்படி எல்லா வழியும் அடைக்கப்பட்ட பிறகு பிள்ளை மௌனமாகிறது. அந்த மௌனத்துக்கு நாம் ‘திமிர்’ என்று பெயரிடுகிறோம். நாமே கட்டிய சுவரில் நாமே மோதிக்கொண்டு, சுவரைக் கோபிக்கிறோம்.

இந்த நுட்பம் நமக்குப் புதிய செய்தியா? இல்லை. அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் ஏறத்தாழப் பத்து வயதில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பணிக்கு வந்தவர்கள்; பத்தாண்டுகள் உடனிருந்தவர்கள். குழந்தைப் பருவம் முடிந்து வாலிபம் தொடங்கும் வரையான ஆண்டுகள் அனைத்தும் அந்தப் பத்தில் அடங்கிவிடுகின்றன. அவ்வளவு காலத்தில் அண்ணலார் தம்மைச் சலித்து ஒரு சொல் சொன்னதில்லை என்றும், செய்ததற்கு ‘ஏன் செய்தாய்’ என்றோ, செய்யாததற்கு ‘ஏன் செய்யவில்லை’ என்றோ கேட்டதில்லை என்றும் அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். மீலாது மேடைகளில் இதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. ஒரு வேலையாக அனுப்பப்பட்ட சிறுவர் அனஸ், கடைவீதியில் விளையாடும் பிள்ளைகளிடையே நின்றுவிட்டார். பின்னாலிருந்து ஒரு கை அவர் பிடரியைப் பற்றியது. திரும்பினால் அண்ணலார் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். ‘உனைஸ்’ என்று செல்லப்பெயரால் அழைத்து, சொன்ன இடத்துக்குப் போனாயா என்று மட்டும் கேட்கிறார்கள். ‘இதோ போகிறேன்’ என்கிறார் சிறுவர். அவ்வளவுதான்.

‘ஏன் போகவில்லை?’ என்பதற்கும் ‘போனாயா?’ என்பதற்கும் இடையில் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். முன்னது குற்றவாளியை உண்டாக்குகிறது. பின்னது கடமையை நினைவூட்டிவிட்டுப் பிள்ளையின் மானத்தைப் பிள்ளையிடமே விட்டுவிடுகிறது. வேலை நடந்தாக வேண்டும் என்பதில் விட்டுக்கொடுத்தல் இல்லை; முகத்தில் சிரிப்பும் குறையவில்லை. கண்டிப்பும் கனிவும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ?

மீண்டும் கதைக்கு வருவோம். ஏன் கேட்கவில்லை என்று மரியே கேட்கிறாள் என்றோம். அப்படியானால், கேட்கப்பட வேண்டும் என்று அவள் ஏங்கியிருக்கிறாள் என்பதுதானே பொருள்? அவளுடைய தாயும் கேட்கவில்லை, ஆசிரியரும் கேட்கவில்லை. தாய் கேட்காதது புறக்கணிப்பு என்றும், ஆசிரியர் கேட்காதது அன்பு என்றும் அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரிந்தது? ஆசிரியர் வீடு தேடி வந்தார் என்பதால் தெரிந்தது. உடன் இருந்துகொண்டு கேட்காதிருப்பது வேறு. விலகி நின்று கேட்காதிருப்பது வேறு. ‘நான் என் பிள்ளைகளுக்கு முழுச் சுதந்திரம் கொடுத்திருக்கிறேன்’ என்று பெருமை பேசும் பெற்றோர் சிலர் இந்த வேறுபாட்டை உணர்வதில்லை. அவர்கள் கொடுத்திருப்பது சுதந்திரமா, வெற்றிடமா என்பதைப் பிள்ளையின் முகத்தில்தான் படிக்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு கதையின் குறைகளையும் சொல்லாவிட்டால் விமர்சனம் புகழுரையாகிவிடும். குறைகள் இரண்டு என்பது என் கருத்து. ஒன்று, மரிக்குக் காட்டிய பரிவில் ஒரு துளியைக்கூட ஆசிரியர் பிரபஞ்சன் தலைமையாசிரியருக்குக் காட்டவில்லை. அவர் நகைப்புக்குரியவராகவே வந்து போகிறார். இளையோரைப் புரிந்துகொள்ளச் சொல்லும் கதை, முதியோரைப் புரிந்துகொள்ள மறுக்கலாமா? அவருக்குள் இருக்கும் அச்சத்தைக் காட்டியிருந்தால், கதையைப் படிக்கும் பெற்றோர் தம்மை அவரில் கண்டிருப்பார்கள். இப்போதோ, எல்லோரும் தம்மைத் தமிழாசிரியராகவே எண்ணிக்கொண்டு மகிழ்ச்சியோடு புத்தகத்தை மூடிவிடுகிறோம். இரண்டு, மரியின் உள்ளத்துக்குள் நாம் நுழைவதே இல்லை. அவளை ஆசிரியரின் கண்களால் மட்டுமே பார்க்கிறோம். நல்ல கண்கள்தாம். ஆயினும் அவை ஒரு பெரியவரின் கண்கள்.

உள்ளேயிருந்து ஒலிக்கும் குரல் எப்படி இருக்கும் என்பதற்கு நம் சமுதாயத்திலிருந்தே ஒரு சான்று உண்டு. திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் பிறந்த கவிஞர் சல்மா, பருவமடைந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர். அப்போது அவருக்குப் பதின்மூன்று வயது. படிப்பின் மீது அடங்காத ஆசை கொண்ட சிறுமி வீட்டுக்குள் அமர்ந்து, கிடைத்ததையெல்லாம் படித்தாள். பிறர் கண்ணுக்குப் படாமல் எழுதினாள். ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ என்னும் கவிதைத் தொகுப்பு 2000-இல் வெளிவந்தது. ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ நாவல் 2004-இல் வந்தது. பருவத்தின் வாசலில் நிற்கும் ராபியா என்னும் சிறுமியின் கண்களில் அந்நாவலின் பெரும்பகுதி விரிகிறது. பெரியவர்கள் தங்களுக்குள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளும் எல்லாவற்றையும் அவள் கேட்கிறாள்; பாதியைப் புரிந்துகொள்கிறாள்; மீதியை யாரிடம் கேட்பது என்று அறியாமல் விழிக்கிறாள். நாவலில் வரும் சில செய்திகளோடு நம்மவர் பலருக்கு உடன்பாடில்லை. அந்த வாதத்தை இங்கே எடுக்கவில்லை. ஆனால் ‘பிள்ளைக்கு என்ன தெரியும்’ என்று எண்ணி நாம் பேசும் பேச்செல்லாம் அந்தப் பிள்ளையின் நெஞ்சில் எப்படிப் பதிகிறது என்பதைத் தமிழில் இவ்வளவு அருகிருந்து காட்டிய நூல்கள் குறைவு என்பதை மறுக்க முடியாது.

மரிக்கு நேரவிருந்தது மாற்றுச் சான்றிதழ். நம் வீடுகளில் அதற்குச் சான்றிதழ்கூடத் தேவைப்பட்டதில்லை. ‘படித்தது போதும்’ என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. ஒரு தலைமுறைக்கு முன்னர் எத்தனை பெண்மக்களின் படிப்பு, பெரியவர்களின் ஓர் இரவு அச்சத்தால் முடிந்துபோயிற்று! அவர்களில் எத்தனை பேர் சல்மாவைப் போல எழுதிக் காட்டினார்கள்? மற்றவர்கள் எழுதவில்லை. அவர்கள் நம் தாய்மார்களாகவும் பாட்டிமார்களாகவும் வாழ்ந்து, கேட்கப்படாத கேள்வியைத் தம்மோடு வைத்துக்கொண்டார்கள்.

இனி, பெரியவர்கள் ஏன் இப்படித் தவறுகிறார்கள் என்பதற்கு வருவோம். புதுவையோடு தொடர்புடைய இன்னொரு நூல் இதற்கு விடை சொல்கிறது. பிரெஞ்சு எழுத்தாளர் செந்த் எக்சுபெரி எழுதி 1943-இல் வெளிவந்த சிறு நூலை, ‘குட்டி இளவரசன்’ என்ற பெயரில் வெ. ஸ்ரீராமும் புதுவையின் பிரெஞ்சு அறிஞரான ச. மதனகல்யாணியும் 1981-இல் தமிழுக்குத் தந்தார்கள். அதன் தொடக்கத்தில் ஒரு சிறுவன், யானையை விழுங்கிய மலைப்பாம்பைப் படமாக வரைகிறான். பெரியவர்கள் அதைத் தொப்பி என்கிறார்கள். அவன் பாம்பின் வயிற்றைத் திறந்து காட்டி மறுபடியும் வரைகிறான். அவர்களோ, படத்தை விட்டுவிட்டுப் பூகோளத்தையும் கணக்கையும் படி என்கிறார்கள். அந்தப் பெரியவர்களும் கெட்டவர்கள் அல்லர். தமக்குத் தெரிந்த பொருள்களின் வடிவத்தையே எதிலும் காணப் பழகிவிட்டவர்கள். நாமும் அப்படித்தான். பிள்ளையின் நடத்தையில் நமக்குப் பழக்கமான தொப்பியைக் காண்கிறோம். உள்ளே யானை இருப்பது தெரிவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. சுபுஹுத் தொழுகைக்கு எழுப்பினால் எழாத பிள்ளையைச் சோம்பேறி என்று வைகிறோம். இதுவும் ஒரு தொப்பிதான். பருவ வயதில் உறக்கத்தைக் கொணரும் மெலட்டோனின் என்னும் சுரப்பு இரவில் காலந்தாழ்த்தியே பெருகத் தொடங்குகிறது என்று இன்றைய மருத்துவம் கண்டிருக்கிறது. அப்பிள்ளைக்கு உறக்கமும் பெரியவர்களைவிட அதிகம் தேவை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014-இல், அந்த வயதினரின் பள்ளிகள் காலை எட்டரை மணிக்கு முன்னர் தொடங்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது இதனால்தான். தொழுகை கடமை; அதில் மாற்றமில்லை. ஆனால் காலையில் வைவதைவிட, இரவில் வீட்டு விளக்குகளையும் கைபேசிகளையும் நேரத்தோடு அணைப்பது பெரியவர்களின் கையில் அல்லவா இருக்கிறது? நாம் பன்னிரண்டு மணிவரை விழித்திருந்து, பிள்ளையைப் பத்து மணிக்கு உறங்கச் சொல்வது எந்த நியாயம்? அதுபோலவே, பின்விளைவை எண்ணி அடக்கிக்கொள்ளும் ஆற்றலைத் தரும் மூளையின் முன்பகுதி, இருபத்தைந்தை அண்டிய வயதில்தான் முழு முதிர்ச்சி அடைகிறது என்கிறார்கள். உயரத்தில் நம்மை எட்டிவிட்ட பிள்ளை எல்லாவற்றிலும் எட்டிவிட்டது என்று எண்ணுவதும் ஒரு தொப்பியே.

‘அப்படியானால் பிள்ளைகளைக் கண்டிக்கவே கூடாதா? இந்த ஊரில் தெருவுக்குத் தெரு மதுக்கடை இருக்கிறது. கைக்குக் கை செல்பேசி இருக்கிறது. பயப்படாமல் எப்படி இருப்பது?’ என்று ஒரு தாய் கேட்டால், அந்த அச்சம் பொய்யன்று என்றே சொல்வேன். அஞ்ச வேண்டியவற்றுக்கு அஞ்சுவது பெற்றோரின் கடமை. ஆனால் அச்சம் பிள்ளையைக் காட்டும் கண்ணாடி ஆகாது. அது பிள்ளையை மறைக்கும் திரை. அச்சத்தோடு பார்ப்பவர் பிள்ளையைப் பார்ப்பதில்லை. ஊர் பேசும் பேச்சைப் பார்க்கிறார். மரியின் தலைமையாசிரியர் பார்த்ததும் அதைத்தான். காவல் வேண்டும், காவலன் தான் காக்கும் பொருளை ஒருமுறையேனும் திரும்பிப் பார்க்கவும் வேண்டும்.

நம் எழுத்தாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் பத்திரிகைக் கதைகளில் பதினாறு வயதுப் பிள்ளை எதற்காக வருகிறது? பெரும்பாலும் கெட்டுப்போவதற்காக வருகிறது. கடைசிப் பத்தியில் திருந்துவதற்காக வருகிறது. எச்சரிக்கைப் பலகையாக நிற்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. அந்தப் பிள்ளைக்கு ஒரு பகல் உண்டு, ஓர் இரவு உண்டு, நண்பன் பேசாமல் போனதால் உண்ணாத ஒரு வேளை உண்டு என்று எழுதியவர்கள் சிலரே. ரோமர்களை எதிர்கொள்ளும் படைக்குத் தலைவராக, இருபது வயதையும் தாண்டாத உஸாமா (ரலி) அவர்களை அண்ணலார் நியமித்தபோது மூத்தவர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். அண்ணலார் அந்த முடிவை மாற்றவில்லை. இந்த வரலாற்றைப் பெருமையோடு சொல்லும் நாம், நம் வீட்டுப் பதினெட்டு வயதுக்கு மின்கட்டணம் கட்டும் பொறுப்பைக்கூட நம்பிக் கொடுப்பதில்லை.

இலக்கியம் பிள்ளை வளர்க்கும் கையேடு அன்று. ‘மரி என்கிற ஆட்டுக்குட்டி’யைப் படித்துவிட்டால் எந்தப் பிள்ளையும் மறுநாளே சிரித்துக்கொண்டு வந்து நம் மடியில் அமர்ந்துவிடாது. கதையில் ஒரு நல்ல ஆசிரியர் வாய்த்தார். வாழ்க்கையில் எல்லா மரிகளுக்கும் அப்படி வாய்ப்பதில்லை. ஆனால் நல்ல கதை ஒன்றைச் செய்யும். நாம் விரைந்து எழுதிவிட்ட தீர்ப்பின் மீது ஒரு கணம் கையை வைத்துத் தடுக்கும். அந்த ஒரு கணத்தில் ஒரு படிப்பு காப்பாற்றப்படலாம். ஒரு வாழ்வும் காப்பாற்றப்படலாம்.

அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது, பத்தடி பின்னால் வரும் பிள்ளையைக் கூவி அழைக்காதீர்கள். ‘ஏன் பின்னால் வருகிறாய்?’ என்றும் கேட்காதீர்கள். உங்கள் நடையைச் சற்றே குறைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையும் நடையைக் குறைத்துக்கொள்ளலாம். அன்று இடைவெளி மாறாமல் இருக்கலாம். மறுநாள் அது ஒன்பதடி ஆகும். நீங்கள் காத்திருப்பதை அந்தப் பிள்ளை கவனித்துக்கொண்டுதான் வருகிறது.